ரேடியேட்டரில் ஆயில் மிதந்தால், ஹெட்டைத் தொடும் முன் ஆயில் கூலரைப் பாருங்கள்

களக்காட்டில் இருந்து வாழைத்தார் ஏற்றிப் புளியரை வழியாகப் புனலூர் போய்வரும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நாலு சிலிண்டர் டீசல் பிக்கப். ரேடியேட்டர் பக்கத்து டப்பாவைத் திறந்தால் தண்ணீர் மேல் கரும்பழுப்பாக ஆயில் மிதக்கிறது. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அளவு குறைகிறது. ஒரு மெக்கானிக் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல் மூடியை, கழற்றியே ஆகவேண்டும் என்கிறார், இன்னொருவர் ஆயில் கூலர் போய்விட்டது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, கூலர்தான் என்றால் நானே மாற்றிவிடலாமா என்பது அவர் கேள்வி.

பாளையங்கோட்டையில் 22 வருஷமாக டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி, ஹெட்டை இப்போது கழற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு ஆயில் கூலர்தான் முதல் சந்தேகம். கழற்றிச் சோதித்துப் பார்க்க அரை நாள் போதும், ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இருந்தால் நீங்களே மாற்றவும் செய்யலாம். ஆனால் பழைய கூலரை எடுத்துப் புதுசை மாட்டுவது இதில் சின்னப் பாதிதான். தண்ணீருக்குள் போன ஆயிலைக் கழுவி எடுப்பதும், கூலர் எதனால் ஓட்டை விழுந்தது என்று பார்ப்பதும்தான் பெரிய பாதி. அந்தப் பெரிய பாதியை விட்டுவிட்டுக் கூலரை மட்டும் மாற்றிக்கொண்டு போனவர்கள் திரும்ப வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொன்று. இதைப் படிக்கும்வரை வண்டி ஓடிக்கொண்டிருந்தால் இத்தோடு நிறுத்திவிடுங்கள். "ஒரே ஒரு லோடு இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன்" என்று போய், கிராங்க் தண்டைத் தாங்கும் ஷெல் பேரிங் பிடித்து, அந்தத் தண்டு வரைக்கும் செலவு வைத்த வண்டிகள் உண்டு.

ஆயில் கூலர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கைக்குள் அடங்கும் ஒரு பொருள்தான் அது. மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்றவைத்திருப்பார்கள், ஒரு இடுக்கில் ஆயில், அடுத்த இடுக்கில் ரேடியேட்டர் தண்ணீர், மறுபடி ஆயில் என்று மாறி மாறி ஓடும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது, சூடு மட்டும் தகடு வழியாகத் தாண்டும். சில வண்டிகளில் இது ஆயில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும், சில வண்டிகளில் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு மூடிக்குப் பின்னால் தண்ணீர் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். டர்போ உள்ள எஞ்சினில் பிஸ்டனின் அடிப்பக்கம் ஆயிலைப் பீய்ச்சி அடித்துத்தான் சூட்டைத் தணிக்கிறார்கள், டர்போ தண்டு நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் ஆயில் படலத்தின் மீதுதான் சுழல்கிறது. அந்தச் சூடெல்லாம் ஆயிலில் ஏறுகிறது, இறக்கிவைக்க இந்தக் கூலர்தான் இருக்கிறது.

இப்போது அந்தத் தகட்டில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் எது எந்தப் பக்கம் போகும்? எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் 3, 4 கிலோ இருக்கும், தண்ணீர்ப் பக்கம் ரேடியேட்டர் மூடி பிடித்துவைக்கும் அழுத்தம் சுமார் 1 கிலோதான். அதனால் ஓடும் வண்டியில் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். வண்டியை அணைத்த உடன் ஆயில் அழுத்தம் சுழியாகிவிடும், ஆனால் சூடு ஆறும்வரை தண்ணீரில் அழுத்தம் இருக்கும். ஓட்டை பெரிதானால் அந்த நேரத்தில் தண்ணீர் ஆயிலுக்குள் வரும். முதலில் டப்பாவில் ஆயில், கொஞ்ச நாள் கழித்து டிப் ஸ்டிக்கில் பால் காப்பி நிறம், இதுதான் கூலர் கெடும்போது வழக்கமாக வரும் வரிசை. நீங்கள் முதல் படியில் இருக்கிறீர்கள். ஆயில் இன்னும் வெளுக்கவில்லை என்பது பெரிய நிம்மதி, பேரிங் எல்லாம் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் பேக்கிங் போனாலும் ஆயில் தண்ணீருக்குள் வரலாமா என்றால், வரலாம். ஹெட்டுக்கு ஏறும் ஆயில் துளையின் பக்கத்தில் பேக்கிங் கிழிந்தால் இதே அடையாளம் காட்டும், அதனால் அந்த மெக்கானிக் சொன்னதை அப்படியே தப்பு என்று தள்ள மாட்டேன். ஆனால் ஹெட் பேக்கிங் பெரும்பாலும் நெருப்பு எரியும் இடத்தில்தான் விட்டுக்கொடுக்கும், அப்போது தண்ணீருக்குள் வருவது புகை, காற்று. அதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. காலையில் எஞ்சின் முழுக்க ஆறிக் கிடக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு உள்ளே பாருங்கள், இடைவிடாமல் குமிழி கொப்பளித்தால் ஹெட் மேல் சந்தேகம். மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷத்துக்குள், தண்ணீர் இன்னும் சூடாகாதபோதே மேல் ஓஸ் பைப் கல் மாதிரி இறுகினாலும் அதே சந்தேகம்தான். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஆயில் இல்லாமல் வெறும் தண்ணீர் மட்டும் குறைவது, இதெல்லாம் ஹெட் பக்கம் கை காட்டும். சில ஒர்க்‌ஷாப்பில் நீல நிறத் திரவம் ஊற்றிய ஒரு கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிப்பார்கள், எரிந்த புகை கலந்திருந்தால் அது பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். அதுவும் நல்ல சோதனைதான். ஆறிய எஞ்சினில் மட்டும் திறங்கள், சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதில் தவறு செய்திருக்கிறேன். முக்கூடலில் இருந்து வந்த ஒரு வண்டி, இதே மாதிரி தண்ணீரில் ஆயில். பார்த்த உடனே ஹெட் பேக்கிங் என்று முடிவு கட்டி, ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து முகம் தட்டி, புதுப் பேக்கிங் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் டப்பாவில் மறுபடி ஆயில். அப்புறம்தான் கூலரைக் கழற்றிப் பார்த்தேன், தொட்டியில் முக்கியபோது சரம் சரமாகக் குமிழி. அந்த அண்ணாச்சி ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை, ஆனால் நெல் அறுப்பு நேரத்தில் பத்து நாள் வண்டி நின்றுபோனது அவருக்கு. அன்றிலிருந்து தண்ணீரில் ஆயில் என்று எந்த வண்டி வந்தாலும் கூலரைக் கழற்றிச் சோதிக்காமல் ஹெட் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதில்லை.

இரண்டு விஷயம் குழம்பாமல் இருக்கச் சொல்லிவிடுகிறேன். புகையைக் குளிரவைக்கும் ஈஜிஆர் கூலர் என்று வேறொன்று இருக்கிறது, அது போனால் தண்ணீர் குறையும், வெள்ளைப் புகை வரும், ஆயில் கலக்காது. இது அது இல்லை. அடுத்து, ஃபில்டர் பக்கத்தில் வெளியே ஆயில் சொட்டுகிறது, உள்ளே கலப்பு ஒன்றும் இல்லை என்றால் கூலரே நன்றாக இருக்கலாம், அடியில் இருக்கும் ஓ-ரிங் வெந்து விறைத்துப் போயிருக்கும். ஓ-ரிங்கும் பேக்கிங்கும் மாற்றினால் போதும்.

சரி, வேலைக்கு வருவோம்.

எஞ்சின் முழுக்க ஆறட்டும், முந்தின நாள் ராத்திரியே நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்குங்கள். சமதரை, பின் சக்கரத்துக்குக் கட்டை, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ரேடியேட்டர் அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள், பிளாக்கிலும் ஒரு பிளக் இருக்கும், அதையும் திறந்தால்தான் கூலர் அறைத் தண்ணீர் முழுக்க இறங்கும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், கூலரை இழுத்ததும் மிச்சத் தண்ணீர் ஆயில் துளைக்குள் பாய்ந்துவிடும். அப்புறம் எஞ்சின் ஆயில், ஃபில்டர். ஃபில்டர் கழற்றும்போது கீழே அகலமான தட்டு வையுங்கள், எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே ஊற்றும்.

கூலரை எட்ட ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டோ டர்போ பக்கத்துக் குழாயோ குறுக்கே நிற்கலாம், வண்டிக்கு வண்டி மாறும். எதைக் கழற்றினாலும் ஒரு அட்டையில் கூலர் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்த ஓட்டையில் இருந்து எந்த போல்ட் வந்ததோ அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளம் வேறு வேறாக இருக்கும். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும், அல்லது போல்ட் அடியில் முட்டி மூடி இறுகாமலே நிற்கும், இறுகிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கூலர் வெளியே வந்ததும் சோதனை. இதற்குப் பெரிய கருவி வேண்டாம், பஞ்சர் கடை போதும். கூலரின் ஆயில் வாயில் ஒன்றை டியூப் ரப்பரும் தகடும் வைத்து போல்ட் போட்டு அடையுங்கள், இன்னொன்றில் அதே மாதிரி தகட்டில் டியூப் வால்வ் ஒன்றைப் பொருத்தி 40, 50 பவுண்ட் காற்று ஏற்றுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். பிறகு வெந்நீர்த் தொட்டியில் முக்கி 10, 15 நிமிஷம் பொறுமையாகப் பாருங்கள். வெந்நீர் ஏன் என்றால், குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு சூட்டில் மட்டும் வாய் திறக்கும் வெடிப்புகள் உண்டு. தண்ணீர் ஓடும் இடுக்கில் இருந்து குமிழி வந்தால் விஷயம் முடிந்தது, கூலர்தான். ஒரு குமிழி கூட வரவில்லை என்றால் அப்போது ஹெட்டைக் கழற்றச் சொன்னவரிடம் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஓட்டையைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று ரேடியேட்டர் கடையில் சொல்வார்கள். வேண்டாம். அந்தத் தகடுகளின் நடுவில் இருக்கும் ஓட்டைக்குக் கருவி எட்டாது, வெளியே ஒரு இடத்தில் பற்றவைக்கும் சூட்டில் பக்கத்து இணைப்பு இளகிவிடும். உடைப்புக் கடையில் பழைய கூலர் வாங்குவதும் அப்படித்தான். அது எந்த எஞ்சினில் இருந்து வந்தது, அந்த எஞ்சின் எப்படிச் செத்தது என்று யாருக்கும் தெரியாது. பேரிங் பிடித்த எஞ்சினின் கூலருக்குள் உலோகத் துகள் ஒளிந்திருக்கும், எந்தக் கழுவலுக்கும் முழுசாக வராது, உங்கள் எஞ்சினில் ஓட ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பி நேராகப் பேரிங்குக்குப் போகும். உங்கள் வண்டியிலேயே என்றைக்காவது பேரிங் போய் எஞ்சின் செய்தால் கூலரையும் சேர்த்துப் புதுசாகப் போடச் சொல்வது இதனால்தான்.

புதுக் கூலரை வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக் கவுண்டரில் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாய்களின் இடம், தகடுகளின் எண்ணிக்கை, உயரம் எல்லாம் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். கூடவே ஓ-ரிங், மூடிப் பேக்கிங், ஆயில் ஃபில்டர், டிரெயின் பிளக் வாஷர், ரேடியேட்டர் மூடி, சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மாஸ்டேட் வால்வ். ஆயில் பட்ட ரப்பர் ஓஸ் பைப்புகளையும் அமுக்கிப் பாருங்கள், பஞ்சு மாதிரி ஊதி மெத்தென்று இருந்தால் அதையும் மாற்றவேண்டும். ரேடியேட்டர் ஓஸ் செய்யும் ரப்பர் தண்ணீரைத் தாங்கும், ஆயிலைத் தாங்காது. இன்றைக்கு மிச்சம் பிடித்தால் கோட்டைவாசல் ஏற்றத்தில் வெடிக்கும்.

மாட்டுவதில் முக்கியம் சுத்தம், அவசரம் இல்லாமை. பிளாக்கில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். உப்புத்தாளோ கிரைண்டர் தட்டோ அந்த இடத்தில் வரவே கூடாது, அதில் இருந்து உதிரும் மணல் ஆயில் துளைக்குள் போனால் பேரிங்கைத் தின்றுவிடும். ஆயில் துளைகளில் சுத்தமான துணியைச் செருகிவைத்துத் துடையுங்கள், நூல் பிரியும் பனியன் வேஸ்ட் வேண்டாம், முடிந்ததும் செருகிய துணியை எடுத்தீர்களா என்று எண்ணிப் பாருங்கள். ஓ-ரிங்குக்குப் புது ஆயில் விரலால் தடவி உட்காரவையுங்கள். கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துச் சிலிக்கான் பேஸ்ட் பிதுக்காதீர்கள். உள்பக்கம் பிதுங்கும் பேஸ்ட் உலர்ந்து, நூடுல்ஸ் மாதிரி அறுந்து, ஆயில் வழியை அடைக்கும். பேக்கிங் கொடுத்திருக்கும் இடத்தில் பேக்கிங் மட்டும்தான்.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் நாலு மரை ஓட்டிவிட்டு, அப்புறம் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 8 மில்லி போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் புத்தகம் சொல்வதுதான் சரி. டார்க் ரெஞ்ச் இல்லை என்றால் யாரிடமாவது ஒரு மணி நேரத்துக்கு வாங்கி வாருங்கள். பைப் மாட்டி இழுத்து இறுக்கி மூடியை வளைத்துவிட்டு "புதுக் கூலரும் ஒழுகுகிறது" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்களை நான் சமாதானம் செய்து அனுப்பியிருக்கிறேன்.

இனிதான் கழுவும் வேலை. கழுவிவிட்டுக் கூலரை மாற்றலாமே என்று கேட்பார்கள். ஓட்டைக் கூலர் இருக்கும்போது சோப்புத் தண்ணீர் ஓட்டினால் அது அதே ஓட்டை வழியாக ஆயிலுக்குள் போகும், அதனால் புதுசை மாட்டிய பிறகுதான். ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, கீழ் வாயில் இருந்து மேல் வாய்க்குத் தண்ணீர் விடுங்கள், முதலில் வருவது ராகிக் கூழ் மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். டப்பாவுக்குள் கை போகாது, வீட்டில் எண்ணெய் பாட்டில் கழுவுவது போல ஒரு பிடி அரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். அப்புறமும் மங்கலாக இருந்தால் டப்பாவை மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் நாளைக்கு ஆயில் மறுபடி வருகிறதா என்று பார்க்கும் கண்ணாடியே அதுதான்.

எல்லாவற்றையும் மாட்டி, தெர்மாஸ்டேட் வால்வை மட்டும் வெளியே வைத்துவிட்டு, வெந்நீரில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு விற்கும் பவுடரைக் கரைத்து ஊற்றுங்கள். துணி சோப்புப் பவுடர் வேண்டாம், அது நுரைத்துக்கொண்டே இருக்கும், நுரை இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்காது, தண்ணீரைச் சுற்றவிடும் பம்பான வாட்டர் பாடி வெறும் நுரையைச் சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்சம் வேகம் கூட்டி 15, 20 நிமிஷம் ஓட்டுங்கள், அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு இறக்குங்கள். மறுபடி அதே. நாலு தடவையோ ஆறு தடவையோ, இறங்கும் தண்ணீரின் மேல் ஆயில் பொட்டுக்கூடத் தெரியாமல் போகும்வரை. பிறகு வெறும் தண்ணீரில் சோப்பு போகும்வரை இரண்டு மூன்று முறை, கடைசி முறை பேட்டரி தண்ணீரில். அந்தப் பவுடர் காரமானது, ராத்திரி முழுக்க உள்ளே ஊறவிடாதீர்கள். காஸ்டிக் சோடாவைப் போட்டால் ஒரே தடவையில் போய்விடும் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள், அது அலுமினியத்தையே தின்னும். டீசல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவச் சொன்னால் அதையும் கேட்காதீர்கள், ரப்பர் போகும், தீப்பிடிக்கும். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும், ஹெட்டைக் காப்பாற்றத்தானே இத்தனையும்.

கழுவும்போது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயில் இருக்கவேண்டும் இல்லையா, அதற்கு விலை குறைந்ததானாலும் சரியான கிரேடில் ஆயிலும் புது ஃபில்டரும் போடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சின் எரியாமல் ஸ்டார்ட்டரால் சுற்ற மட்டும் விடுங்கள், கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை இயக்கும் காமன் ரயில் வண்டியில் இன்ஜெக்டர் கனெக்டர்களை உருவிவிட்டு, பழைய பம்ப் வண்டியில் ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஐந்தாறு விநாடி வீதம், நடுவில் ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுத்து. ஆயில் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கூலரும் ஃபில்டரும் காலியாக இருக்கிறது, அதை நிரப்பும்வரை டர்போவுக்குச் சொட்டு ஆயில் போகாது. கழுவி முடிந்ததும் இந்த ஆயிலில் வெறும் வண்டியாக 200, 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஃபில்டரோடு மறுபடி மாற்றி நல்ல ஆயில் ஊற்றுங்கள். கிரேடு வண்டிப் புத்தகத்தில் இருக்கும். உங்களுடையது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டி என்றால் புகை வடிகட்டி கெடாத குறைந்த சாம்பல் ஆயில் கேட்டு வாங்குங்கள், பழைய வண்டிக்கு ஊற்றுவதை அப்படியே ஊற்றக் கூடாது.

டிப் ஸ்டிக்கில் பால் காப்பி நிறம் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு ஒரு வேலை கூடுதல். சம்ப்பை இறக்கி, கனெக்டிங் ராடு ஷெல் பேரிங் ஒன்றிரண்டைக் கழற்றிப் பாருங்கள். கூலண்ட் (ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) கலந்த ஆயிலில் வண்டி ஓடியிருந்தால் ஷெல்லின் முகம் கறுத்தோ கோடு விழுந்தோ இருக்கும், அதைப் பார்க்காமல் மூடிவிட்டால் கூலருக்குச் செய்த செலவெல்லாம் வீண்.

இப்போது ஏன் ஓட்டை விழுந்தது என்பது. நான் கழற்றிய கூலர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான், தண்ணீர். ராதாபுரம், திசையன்விளை பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு, வாயில் வைத்தாலே தெரியும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே படிவு கூலர் இடுக்குகளில் படியும், சூடு இறங்காது. உப்பு தகட்டைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வள்ளியூர்ப் பக்கத்து வண்டி ஒன்றுக்குக் கூலர் மாற்றிக் கொடுத்தேன், இரண்டு வருஷத்தில் மறுபடி அதே கதை, கேட்டால் வழியில் தண்ணீர் குறையும்போதெல்லாம் ரோட்டோர மோட்டார் செட்டில் பிடித்து ஊற்றியிருக்கிறார். தாமிரபரணித் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே என்று அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி ஆட்கள் கேட்பார்கள். குடிக்க நல்லது. எஞ்சினுக்கு அதிலும் தாது இருக்கிறது. கேன் தண்ணீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் பேட்டரி தண்ணீருக்குச் சமம் இல்லை.

நம் ஊரில் பனியா பெய்து உறைகிறது, கூலண்ட் எதற்கு என்ற கேள்வியும் வரும். உறையாமல் இருப்பதற்கு நமக்கு அது வேண்டாம், சரி. ஆனால் துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது, கொதிநிலையையும் கூட்டுகிறது. பாதி கூலண்ட் பாதி பேட்டரி தண்ணீர், அல்லது கலந்தே விற்பது. பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், புத்தகத்தில் சொன்ன வகையைப் பாருங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள். வண்டியில் எப்போதும் கலந்த கூலண்ட் ஒரு 2 லிட்டர் கேன் கிடந்தால் மோட்டார் செட்டைத் தேட வேண்டி வராது.

உங்களிடம் யாராவது, "கூலரே வேண்டாம், தகடு வைத்து அடைத்து பைபாஸ் பண்ணிவிடலாம், நிறைய வண்டி அப்படித்தான் ஓடுகிறது" என்று சொல்லியிருக்கலாம், இது எனக்கு மனசு பொறுக்காத விஷயம். ரோட்டில் நின்றுபோன வண்டியை வெறுமையாக வீடு கொண்டுவந்து சேர்க்க அது ஒரு வழி, அதற்கு மேல் இல்லை. வாழைத்தாரோடு செங்கோட்டை தாண்டிப் புளியரை வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும்போது தண்ணீர் முள் நடுவில் அசையாமல் நிற்கும், ஆயில் மட்டும் தனியாகச் சூடேறிக்கொண்டே போகும். ஆயில் சூட்டுக்கு டேஷ்போர்டில் முள் கிடையாது. ஆயில் மெலிந்து, அழுத்தம் குறைந்து, டர்போவும் ஷெல்லும் தேய்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இறக்கிய பழைய கூலண்டைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள். அது இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் நக்கும், கொஞ்சம் போனாலே செத்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் திறந்த தட்டில் வைக்கவே கூடாது. ஆயிலையும் வாய்க்காலில் விடாமல் கேனில் பிடித்துக் கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள், களக்காட்டு வாய்க்கால் தண்ணீரைத்தானே உங்கள் வாழை குடிக்கிறது.

கடைசியாக, தெர்மாஸ்டேட் வால்வைப் போட்டு, கூலண்ட் நிரப்பி, காற்று எடுக்கும் திருகு இருந்தால் அதைத் திறந்து காற்று போகும்வரை ஊற்றுங்கள். இல்லாவிட்டால் வண்டியின் மூக்கைக் கொஞ்சம் மேட்டில் நிறுத்தி, மூடி திறந்தபடி ஓடவிட்டு மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். மறுநாள் காலை ஆறியபின் ஆயில், கூலண்ட் இரண்டு மட்டத்தையும் பாருங்கள். முதல் ஓட்டம் அம்பாசமுத்திரம் வரை வெறும் வண்டி, அடுத்தது தென்காசி வரை பாதி லோடு, அதன் பிறகு மலை ஏற்றுங்கள். முதல் வாரம் டப்பாவில் ஒரு ஓரமாக மெல்லிய ஆயில் கோடு தெரிந்தால் அது கழுவலில் விட்டுப்போன மிச்சமாக இருக்கும். துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், வரவர மெலியவேண்டும். துடைக்கத் துடைக்கத் தடித்துக்கொண்டே போனால் வண்டியை நிறுத்திவிட்டு, டிப் ஸ்டிக்கையும் டப்பாவையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அப்போது ஹெட்டைப் பற்றிப் பேசலாம்.